குளத்து மீனில் கூனும் கோணலும்: பார்த்து, எண்ணி, காரணம் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கூன் விழுந்த ரோகு ஒன்று வலையில் ஏறினால் போதும், கரையில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். வயலில் அடித்த மருந்து என்பார் ஒருவர், குஞ்சு விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்பார் இன்னொருவர். முதலில் யார் சத்தமாகச் சொன்னாரோ அவர் சொன்னதே கடைசிவரை நிற்கும். அந்த வரிசையை இங்கே தலைகீழாக்கியிருக்கிறேன். இது உண்மையிலேயே உருக்கோளாறுதானா, என்ன வகை, எத்தனை மீனில், எந்தத் தொகுதியில் (ஒரே பண்ணையிலிருந்து ஒரே சமயத்தில் வந்த குஞ்சுக் கூட்டத்தில்) என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் காரணம் வருகிறது.

மீனின் உருக்கோளாறுகளைப் பற்றி உலகில் அதிகம் ஆராயப்பட்டது டிரவுட், சால்மன் மீன்களில்தான். நம் மாநிலத்தில் டிரவுட் நீலகிரியின் குளிர்ந்த நீரில் வாழ்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குளங்களின் வெதுவெதுப்பில் அது தங்காது. ஆகவே இந்த வழிகாட்டி கட்லா, ரோகு, மிர்கால், திலேப்பியா, விரால் ஆகியவற்றுக்கானது. டிரவுட்டில் கற்றது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. குளத்துக்குப் போவதற்கு முன்

குஞ்சு விட்ட கணக்குதான் முதல் தேவை. எந்தத் தேதியில், எந்தப் பண்ணையிலிருந்து, என்ன அளவில், எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்பது ஒரு நோட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான குத்தகைக்காரர்களிடம் பணம் கொடுத்த ரசீதுகூட இருக்காது. இரண்டு பண்ணைக் குஞ்சுகளை ஒரே வாரத்தில் ஒரே குளத்தில் கலந்து விட்டவருக்கு, பிறகு எந்தப் பண்ணையையும் குறை சொல்ல வழியில்லை. இந்தக் கணக்கு இல்லாதவர்கள் கீழே உள்ள படிகளைச் செய்யலாம், ஆனால் எட்டாவது படியில் பாதி வழியில் நின்றுவிடுவார்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: வெள்ளை நிற அகலப் பேசின், ஒரு பக்கமாவது தட்டையாக உள்ள சிறு கண்ணாடித் தொட்டி, அளவுகோல் ஒட்டிய பலகை, ஈரத்துணி, வெப்பமானி, பிஎச் தாள், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார், பென்சில், நோட்டு, செல்பேசி. பேனா வேண்டாம், ஈரக்கையில் எழுத்து கரைந்துவிடும்.

நேரம் விடியற்காலை. இரவு முழுவதும் பாசியும் மீனும் சேர்ந்து உயிர்வளியை (ஆக்சிஜனை) உறிஞ்சுவதால் விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். குளத்தில் அந்தக் குறை உண்டா என்பது அப்போதுதான் தெரியும். வெயில் ஏறுவதற்குள் மீனைத் திரும்ப விட்டுவிடவும் முடியும்.

அனுமதியையும் முன்பே வாங்கிவிடுங்கள். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. பறவைகள் தங்கும் அந்த நீர்நிலைகளில் யாரையும் கேட்காமல் வலை இறக்கக் கூடாது.

2. நீரில் நீந்தும்போதே ஒரு முறை

வலை இறங்கிய பிறகு எல்லா மீனும் பதறித்தான் நீந்தும். எனவே தீவனம் போடும் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். கூட்டத்தோடு ஓட முடியாமல் பின்தங்குவது, ஒரு பக்கம் சாய்ந்து வருவது, வாலை மட்டும் அதிகமாக ஆட்டி முன்னேறுவது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகெலும்புக் கோளாறு இங்கேயே தெரியத் தொடங்கும்.

விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது உயிர்வளிக் குறை. உருக்கோளாற்றுக் கணக்கில் அது சேராது, தனியே எழுதிவையுங்கள்.

மீன் தன்னைத்தானே சுற்றுவதைக் கண்டதும் இணையத்தில் படித்த 'சுழல் நோய்' என்ற பெயரை வைக்கப் புதியவர்கள் துடிக்கிறார்கள். அந்த நோய் டிரவுட், சால்மன் இனத்துக்கு உரியது. ஒரு நுண் ஒட்டுண்ணி குஞ்சுப் பருவத்தில் குருத்தெலும்பை அரிப்பதால் மீன் சுழலும், வால் கறுக்கும், தப்பிப் பிழைத்தால் முதுகு கோணும். நம் கட்லா சுற்றுகிறது என்றால் பூச்சிமருந்து, நரம்பைத் தாக்கும் கிருமி, நீரின் தன்மை எனத் தேட வேறு இடங்கள் உண்டு.

3. வலையைத் தேர்ந்தெடுத்தல்

கரையோரத்தில் வீச்சு வலை போட்டு எண்ணுவதுதான் எளிது, ஏமாற்றுவதும் அதுதான். நீந்தத் திணறும் மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் ஒதுங்கும், வேகமாகத் தப்பவும் தெரியாது. எனவே வீச்சு வலையில் கோளாறுள்ள மீன் அதன் உண்மைப் பங்கைவிட அதிகமாக விழும். செவுள் வலையிலும் இதே சிக்கல் இருக்கிறது. கூன் விழுந்து உடல் தடித்த மீன் கண்ணியில் சிக்கும், அதே வயதுள்ள ஒல்லி மீன் நழுவிப் போய்விடும்.

இழுவலைதான் சரி. குளத்தில் இரண்டு மூன்று இடங்களில் இழுத்து, அகப்பட்டதை ஹாப்பா வலைக்கூண்டில் விட்டு, அதிலிருந்து கைக்கு வந்தபடி எடுக்க வேண்டும். 'இதோ ஒன்று' என்று கோணல் மீனைத் தேடி எடுத்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். ஒரு தொகுதிக்கு நூறு மீனாவது பார்க்க வேண்டும்.

4. மேலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை

பலரும் மீனைப் பலகையில் பக்கவாட்டில் கிடத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். இடமும் வலமுமாக வளைந்த முதுகெலும்பு அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. பலகையின் தட்டையில் மீன் நேராகப் படிந்துவிடும்.

முதலில் வெள்ளைப் பேசினில் நீரோடு விட்டு மேலிருந்து பாருங்கள். மூக்கு முனையிலிருந்து முதுகுத் துடுப்பின் அடி வழியாக வால் வரை ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மீன் நீந்தாமல் மிதக்கும் நொடியில் அந்தக் கோடு ஒரு பக்கம் ஒதுங்கினாலோ எஸ் எழுத்துப்போல் நெளிந்தாலோ அது பக்கவாட்டு வளைவு.

பிறகு கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பக்கத்திலிருந்து பாருங்கள். முதுகு மேலே புடைத்தால் கூன், உள்ளே தொய்ந்தால் குழிவு. செதில்களின் நடுவே புள்ளிப்புள்ளியாக ஓடும் பக்கக்கோட்டைக் கண்ணால் தொடருங்கள். உடல் சதைப்பற்றால் நேராகத் தோன்றும் மீனில்கூட அந்தக் கோடு ஓரிடத்தில் திடீரென்று மேலேறி இறங்கும். முதுகெலும்பில் கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் அதன் அருகில்தான் இருக்கும்.

அடுத்து, தலையிலிருந்து வால் நோக்கி, எல்லா மீனுக்கும் ஒரே வரிசையில் பாருங்கள். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

வாய்: மேல்தாடை குறுகி நெற்றி செங்குத்தாக இறங்கியிருக்கிறதா, கீழ்த்தாடை ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா? கட்லாவுக்கு வாய் இயல்பாகவே மேல்நோக்கி இருக்கும், கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். அதைக் கோளாறு என்று எழுதிவைத்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இனத்தின் இயல்பு தெரியாமல் கோளாறு தேடக் கூடாது.

செவுள் மூடி: இரண்டு பக்கமும் பாருங்கள். மூடி குட்டையாகி அல்லது வெளிப்புறம் சுருண்டு, சிவந்த செவுள் இழை தெரிந்தால் அது கோளாறு. இது ஒரு பக்கம் மட்டுமே வருவதும் உண்டு. தொட்டியில் வளர்த்த டிரவுட்டிலும் அடிக்கடி காணப்படும் குறை இது.

துடுப்புகள்: எல்லாம் இருக்கின்றனவா, முள்கள் நேராக இருக்கின்றனவா? வளர்ப்பு டிரவுட்டை ஆற்று டிரவுட்டிலிருந்து பிரித்தறிய வெளிநாடுகளில் முதுகுத் துடுப்பைத்தான் பார்க்கிறார்கள். நெருக்கமான தொட்டியில் ஒன்றையொன்று கடித்தும் சிமெண்டில் உரசியும் அது தேய்ந்து போயிருக்கும். ஆற்றில் விட்டபின் திரும்ப வளர்ந்தாலும் முள்கள் நெளிந்தே வளரும். சிமெண்ட் தொட்டியில் அதிக நாள் வைத்த நம் குஞ்சுகளிலும் இதே தேய்மானத்தைத் தேடலாம்.

உடல், வால்: தலை சரியான அளவில் இருக்க உடல் மட்டும் அமுக்கியதுபோல் குட்டையாக இருந்தால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். நீளத்தையும் எடையையும் சேர்த்து எழுதினால் இது எண்ணிலேயே தெரிந்துவிடும். அந்த மீனின் எடை அதன் நீளத்துக்கு மிகையாக நிற்கும்.

மீன் துள்ளினால் ஈரத்துணியால் கண்ணை மூடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். கிராம்பு எண்ணெய் தந்து மயக்குவதும் உண்டு. நம் மாறாமலைக் கிராம்பு ஊரறிந்ததுதான் என்றாலும், எண்ணிக்கைக் கணக்குக்கு அது தேவையில்லை. மயக்கிய மீனை உடனே விற்கவோ சமைக்கவோ கூடாது என்ற தொல்லை வேறு சேர்ந்துகொள்ளும்.

5. கோளாறு போலத் தோன்றி ஏமாற்றுபவை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கோளாறு என்று கொண்டுவரப்படும் மீன்களில் கணிசமானவை இங்கேயே கழிந்துவிடும்.

வடசேரிச் சந்தையில் கூடையில் வளைந்து கிடக்கும் மீன் கூன் மீன் அல்ல. செத்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். வளைந்து கிடந்த நிலையில் விறைத்தால் வளைவாகவே நிற்கும், விறைப்பு தளர்ந்ததும் நேராகிவிடும். ஆகவே செத்த மீனை வைத்து முதுகு வளைவை முடிவு செய்ய வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் விறைப்பு விடும்வரை காத்திருங்கள்.

பறவைக் காயத்தைக் கண்டுபிடிக்க மீனின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். நீர்க்காகம் கவ்வித் தவறவிட்ட மீனுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் ஏறக்குறைய ஒரே இடத்தில் தழும்பு இருக்கும். கொக்கும் நாரையும் குத்தினால் ஒரு துளைதான். சுசீந்திரம் பக்கத்துக் குளங்களில் இதைப் பார்க்காமல் எந்த எண்ணிக்கையும் எடுக்கக் கூடாது.

வலை அறுத்த கோடு உடலைச் சுற்றி ஓடும். குஞ்சாக இருந்தபோது நைலான் இழை சுற்றிக்கொண்டால், மீன் வளர வளர அந்த இடம் இடுப்புப்போல் ஒடுங்கிவிடும். இழையை விரலால் தடவித் தேடுங்கள், செதிலுக்குள் புதைந்திருக்கும்.

விராலிலும் கெண்டையிலும் மழைக்காலத்துக்குப் பின்பு வரும் புண் நோய் தசையையும், சில மீனில் தலையோட்டையும்கூட அரித்துவிடும். ஆறிப் பிழைத்த மீன் பள்ளம் விழுந்த தலையோடும் மொட்டை வாலோடும் மாதக்கணக்கில் நீந்தும். தழும்பின் மேல் செதில் இல்லாமல் தோல் வழவழப்பாக இருப்பதே அடையாளம். பிறவிக் கோளாற்றில் செதில் வரிசை கோணினாலும் தோல் முழுமையாக இருக்கும்.

பெரிய தலையும் கத்திபோல ஒடுங்கிய முதுகும் கண்டால் பட்டினி என்று எழுதுங்கள். வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நின்றால் நீர்க்கோவை நோய். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கெண்டையின் மார்புத் துடுப்பு சொரசொரப்பாக இருப்பது இயல்பு.

மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பவர்கள் நடமாடும் ஓடைகளிலும் கால்வாய்களிலும் ஒரு கவனம் தேவை. மின்னதிர்ச்சியில் தசை ஒரே இழுப்பாக இழுத்து முதுகெலும்பை முறித்துவிடும். வெளிநாடுகளில் கணக்கெடுப்புக்காக மின்சாரத்தால் டிரவுட் பிடிக்கும்போதே இந்தக் காயம் பதிவாகியிருக்கிறது. சாகாமல் தப்பிய மீன் பின்னாளில் கூன் மீனாகத் திரியும். இந்த முறை சட்டவிரோதம் என்பதால் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முறிவைத் தேட ஏழாவது படி இருக்கிறது.

6. எண்ணுவதும் எழுதுவதும்

ஒரு மீனுக்கு ஒரு வரி: இனம், நீளம், எடை, கோளாறின் வகை, எந்தப் பக்கம், காயமா கோளாறா சந்தேகமா. 'சந்தேகம்' என்ற கட்டத்தைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். அது இல்லாத நோட்டில் சந்தேகங்கள் எல்லாம் கோளாறாக மாறிவிடும்.

கோளாறே இல்லாத மீனுக்கும் வரி எழுத வேண்டும். கோணல் மீன்களின் படங்கள் மட்டும் முப்பது வைத்திருப்பவரிடம் விகிதம் கேட்டால் சொல்ல முடியாது. முப்பதில் முப்பதா, மூவாயிரத்தில் முப்பதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நூறு மீன் பார்த்து ஒன்றுகூடக் கோளாறாக இல்லை என்றால் குளம் சுத்தம் என்று பொருளாகாது. உண்மை விகிதம் 3 சதவீதம் வரை இருந்தாலும் நூறில் ஒன்றும் அகப்படாமல் போக வாய்ப்பு உண்டு. முந்நூறு பார்த்தும் இல்லை என்றால் அந்த மேல்வரம்பு 1 சதவீதத்துக்கு இறங்கும்.

தானாகக் குளத்தில் பெருகும் மீனையும் நீங்கள் விட்ட மீனையும் தனித்தனியாக எண்ணுங்கள். கோணலாகப் பிறந்த குஞ்சை இயற்கையில் விராலும் பறவையும் முதல் வாரங்களிலேயே தின்றுவிடும். பண்ணைத் தொட்டியில் அதைத் தின்ன யாரும் இல்லை, தீவனமும் வாய்க்கே வருகிறது, அதனால் விரலளவுக்கு வளர்ந்துவிடுகிறது. வளர்ப்பு மீனில் கோளாறு கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒரு எளிய காரணம். அதே நியாயப்படி, குளத்தில் தானே பெருகும் திலேப்பியாவிலும் விராலிலும் பெரிய மீன்கள் பல கோணலாக இருந்தால், அது வளர்ந்த பிறகு வந்த கோளாறாக இருக்கக்கூடும். அப்போது குளத்தையும் தண்ணீரையும் சந்தேகிக்கலாம்.

7. முள்ளை எடுத்துப் பார்த்தல்

எக்ஸ்ரே எடுக்க வசதி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் அடுப்பு போதும். கோளாறுள்ள இரண்டு மூன்று மீனையும், அதே அளவுள்ள நல்ல மீன் ஒன்றையும் உப்பு, புளி எதுவும் இல்லாமல் வெந்நீரில் வேகவையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் எலும்புகள் கழன்றுவிடும். சதை நெகிழ்ந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். பழைய பல்துலக்கும் தூரிகையால், தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி மட்டும், மெதுவாகச் சதையைத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் மேல்முள்கள் ஒடிந்து எது பழைய முறிவு, எது உங்கள் கைவேலை என்று தெரியாமல் போகும்.

நல்ல மீனின் முள்ளை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். முதுகெலும்பின் இரண்டு மூன்று கணுக்கள் இடைவெளியின்றி ஒரே கட்டையாக இருந்தால் ஒட்டுதல், பெரும்பாலும் முட்டை அல்லது குஞ்சுப் பருவத்துக் கோளாறு. ஓரிடத்தில் மட்டும் கணு நசுங்கி அதைச் சுற்றிக் கரடுமுரடான முண்டு வளர்ந்திருந்தால் முறிந்து கூடிய எலும்பு: அடி, மின்சாரம், அல்லது தசையை இழுக்கும் மருந்து. ஒட்டுதலும் முறிவும் இல்லாமல் நீண்ட பகுதி முழுவதும் மெலிந்து நெளிந்திருந்தால் தீவனக் குறையின் பக்கம் திரும்புங்கள். வேகவைக்கும் முன் வயிற்றைக் கீறும்போது முதுகெலும்பை ஒட்டிக் கறுத்த இரத்தக்கட்டு கண்டால் முறிவு புதியது.

8. இப்போது காரணம்

எப்போது வந்த கோளாறு என்பதை முதலில் கேளுங்கள், எதனால் என்பது பிறகு.

குஞ்சு வந்த நாளிலேயே இருந்ததா? அப்படியானால் பொரிப்பகம். முட்டை பொரியும் நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடானாலும், உயிர்வளி குறைந்தாலும், முட்டை அளவுக்கு மீறி முற்றிய பிறகு தாய்மீனை அமுக்கிப் பீய்ச்சி எடுத்தாலும், நெருங்கிய உறவுள்ள தாய்மீன்களையே ஆண்டுதோறும் பயன்படுத்தினாலும் கோணல் குஞ்சு கூடும். ஒரு பண்ணைத் தொகுதியில் மட்டும் கோளாறு குவிந்து, அதே குளத்தின் மற்றத் தொகுதி நன்றாக இருந்தால் இந்தப் பக்கம் கை காட்டலாம்.

நன்றாக வந்த குஞ்சு வளர வளரக் கோணியதா? தீவனத்தைப் பாருங்கள். எலும்பைப் பிணைக்கும் நாருக்கு வைட்டமின் சி தேவை, பெரும்பாலான மீன்களால் அதை உடலில் உண்டாக்க முடியாது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் அதைத் தருவதில்லை. பசுமை கட்டிய மண்குளத்தில் மிதவையுயிர்கள் ஈடுகட்டிவிடும். தார்ப்பாய்க் குளத்திலும் சிமெண்ட் தொட்டியிலும் நெருக்கமாக வளர்க்கும்போதுதான் குறை வெளியே வரும். வாங்கிய தீவனமாக இருந்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் வைட்டமின் சி அழியும். தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் அடுக்கிய மூட்டையை நம்பாதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட வாரத்துக்குப் பின், பல இனங்களிலும் ஒன்றாகத் தோன்றியதா? இப்போதுதான் மருந்தின் முறை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்பின் கட்டுப்பாட்டைக் கெடுத்துத் தசையை இழுக்கவைக்கும், அந்த இழுப்பிலேயே முதுகெலும்பு முறியலாம். ஏலாக்களின் (நெல்வயல் பரப்புகளின்) வடிநீர் குளத்துக்குள் வரும் வழியைக் கண்டறியுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போக நெற்பயிர்களுக்கு மருந்தடித்த நாட்களை விவசாயிகளிடம் தன்மையாகக் கேட்டு, மழை பெய்த நாட்களோடு சேர்த்து எழுதுங்கள். சண்டைக்குப் போகும் தோரணையில் கேட்டால் ஒரு தேதிகூடக் கிடைக்காது. ஒரே இனத்தில், ஒரே தொகுதியில் மட்டும் கோளாறு என்றால் மருந்தைக் குற்றம் சொல்வது கடினம்.

9. அடுத்து செய்ய வேண்டியவை

வளைந்த முதுகு மருந்தால் நிமிராது. இதற்கென்று டானிக் விற்பவரிடம் பணத்தைத் தொலைக்காதீர்கள். தீவனத்தைப் புதிதாக, சிறு மூட்டைகளாக வாங்கி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் நிழலில் வையுங்கள். மாற்றத்தை அடுத்த தொகுதிக் குஞ்சில்தான் பார்க்க முடியும்.

புண்ணோ மருந்துச் சந்தேகமோ இல்லாத கோணல் மீனை உண்ணலாம், விலைதான் குறையும். மருந்து என்று சந்தேகம் வந்தால், சோதனை முடியும்வரை அந்தக் குளத்து மீனை விற்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்.

அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது, உயிர்வளி அடைத்த பையைக் கட்டுவதற்கு முன்பே நூறு குஞ்சைப் பேசினில் கேட்டு வாங்கி மேலிருந்து பாருங்கள். பிறகு கண்ணாடித் தொட்டியில் ஒரு பிடி. பண்ணைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. கோணல் குஞ்சுகளை அங்கேயே ஒதுக்கி எண்ணிக்கையை இருவரும் நோட்டில் எழுதிக்கொண்டால், பின்னால் வரும் வழக்கில் பாதி இல்லாமல் போகும்.

ஆய்வுக்கு அனுப்புவதானால் நாகர்கோவிலில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா என்பதையும் அங்கேயே கேட்கலாம். உயிரோடு, உயிர்வளிப் பையில் கொண்டுபோவதே சிறந்தது. முடியாவிட்டால் பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். உறையவைத்த மீனின் திசு சிதைந்துவிடும், நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல ஒன்றும் இருக்காது. கோளாறுள்ள மீனோடு, அதே குளத்து நல்ல மீன் இரண்டையும் தனிப் பையில் பெயர் எழுதி அனுப்புங்கள். குளத்து நீரும் தீவனமும் ஒவ்வொரு பாட்டில் வேண்டும். நீரை விடியற்காலையில், ஏலாத் தண்ணீர் குளத்தில் சேரும் மடை வாயில் எடுங்கள். மருந்துச் சந்தேகம் என்றால் கண்ணாடிப் பாட்டில்தான், பிளாஸ்டிக் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலின் மேல் தேதி, நேரம், இடம், நீரின் வெப்பநிலை ஆகிய நான்கையும் பென்சிலில் எழுதி ஒட்டுங்கள்.